மூன்று ஓட்டு

மாலையோடு குனிந்த மோகனப்பிரியாவின் மணிக்கட்டை ராஜகுமாரி பிடித்துக்கொண்டாள். மாலை பாதியில் நின்றது. சாமந்தி இதழ்கள் இரண்டு ஐஸ் பெட்டியின் கண்ணாடிமேல் உதிர்ந்தன. அதற்குக் கீழே ராஜகுமாரியின் புருஷன் சம்பந்தம், மழித்த முகத்தோடு, அடுத்த ஷாட்டுக்குக் கூப்பிடும்வரை கொஞ்சம் கண்ணை மூடியவர்போலப் படுத்திருந்தார்.

"நீ போட வேணாம்" என்றாள் ராஜகுமாரி.

மோகனப்பிரியாவுக்கு ஒன்றும் புரியவில்லை. சாமியானாவுக்குக் கீழே உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சேக்காட்டில் அந்தத் தெருவிலும் அடுத்த தெருவிலும் இருந்தவர்களில் பாதிப் பேர் சினிமாத் துணை நடிகர்கள். கல்யாண வீடு, கோர்ட்டு, கலவரம், சாவு வீடு என்று வருஷக்கணக்காகக் கேமராவுக்கு முன்னால் கூட்டமாக நின்றவர்கள். சாவு வீட்டில் எப்படி உட்கார வேண்டும், எப்போது முந்தானையை வாயில் வைக்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ராஜகுமாரிக்கு அதைப் பார்க்கப் பார்க்கத்தான் பற்றிக்கொண்டு வந்தது. மனுஷன் உயிரோடு இருந்தபோது முதுகில் குத்திவிட்டு, இப்போது வரிசையாக வந்து மூக்கைச் சிந்துகிறார்கள்.

அவளும் அந்தக் கூட்டத்தில் நின்றவள்தான். துணை நடிகர் சங்கத்தில் அவளுக்கும் உறுப்பினர் கார்டு உண்டு, சம்பந்தத்துக்கும் உண்டு. முப்பத்திரண்டு வருஷத்தில் அவருக்கு வேஷம் என்று சொல்லும்படி வாய்த்தது ஒன்றே ஒன்று. போன வருஷம் வந்த ஒரு படத்தில் மணப்பெண்ணின் ஏழைத் தாய்மாமனாக வந்தார். கல்யாணப் பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருப்பவரை, பெரிய மனிதர் யாரோ வந்துவிட்டார் என்று எழுப்பிவிடுவார்கள். வசனமே கிடையாது. பாதி சாப்பிட்ட இலையை மடித்துவிட்டு எழுந்து போக வேண்டும், அவ்வளவுதான். அந்த ஒரு காட்சிக்காகச் சங்கத்து விருதுக்குச் சிறந்த துணை நடிகர் பட்டியலில் அவர் பெயர் வந்தது. உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் விருது. நம்மோடு வெயிலில் நின்றவன் கொடுக்கிற பரிசு இது, வேறு எவன் கொடுத்தாலும் இதற்கு ஈடாகாது என்று சம்பந்தம் சொல்லிக்கொண்டே இருந்தார்.

சேக்காடு, பட்டாபிராம் பக்கம் மட்டும் ஐம்பத்தெட்டு உறுப்பினர்கள். ஏறக்குறைய அத்தனை பேரும் உனக்குத்தான் என்று வீடு தேடி வந்து சொன்னார்கள். முடிவு வந்தபோது சங்கத் தலைவரின் மைத்துனர் ஜெயித்திருந்தார். அதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. சம்பந்தத்தின் பெயருக்கு எதிரே மூன்று என்று போட்டிருந்தது.

தோற்றதை அவர் தாங்கிக்கொண்டிருப்பார். அந்த மூன்றைத்தான் தாங்க முடியவில்லை. டீக்கடைக்குப் போவதை நிறுத்தினார். ஷூட்டிங்குக்குக் கூப்பிட்டால் காலில் புண் இன்னும் ஆறவில்லை என்றார். மோகனப்பிரியா பட்டாபிராமில் வீடு கட்டித் தட்டோடு வந்து அழைத்தாள், அதற்கும் போகவில்லை. அவளை அவர் சொந்தத் தங்கையாக நினைத்திருந்தார். "நான் நடிகனே இல்லன்னு இவங்கள்லாம் சேந்து சொல்லிட்டாங்க ராஜி" என்று ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார். பிறகு அதைப் பற்றி அவளிடம் பேசவே இல்லை. ஆறு வாரம் ஆயிற்று. நேற்றுக் காலை பல் துலக்கப் போனவர் குழாயடியிலேயே சரிந்துவிட்டார்.

அந்த ஆறு வாரமும் தினமும் சாயங்காலம் வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தது சின்னசாமி ஒருவர்தான். சின்னசாமி சங்கத்தின் ஏரியாப் பொறுப்பாளர், சம்பந்தத்தின் முப்பது வருஷச் சிநேகிதர். நன்றி கெட்ட ஜனங்கள் என்று அவரும் சேர்ந்து திட்டுவார். அந்த மூணு ஓட்டு யாருது தெரியுமா, உன்னுது, ராஜகுமாரியுது, என்னுது என்று அவர்தான் கணக்குச் சொன்னார். ராஜகுமாரி உள்ளே இருந்து டீ போட்டுக் கொண்டுவந்து தருவாள். இந்த ஒரு மனுஷனாவது இருக்கிறாரே என்று நினைப்பாள்.

"யாருக்குடி போட்ட?" என்றாள் இப்போது மோகனப்பிரியாவிடம். குரலை உயர்த்தவில்லை.

"இன்னாக்கா கேக்கற? அண்ணனுக்குத்தான். சின்னசாமி அண்ணன்கிட்ட ஓடிபி சொன்னேனே."

போனில் லிங்க் வரும், பிறகு ஆறு இலக்கத்தில் ஓடிபி வரும், அதை அடித்தால்தான் ஓட்டு விழும். இந்தப் பக்கம் பெரும்பாலானவர்களுக்கு அது கைவராது. கார்டு புதுப்பிக்கவும் சரி, கால்ஷீட் பதியவும் சரி, சின்னசாமிக்குப் போன் போட்டு எண்ணைச் சொல்லிவிடுவது வழக்கம். ஓட்டுக்கும் அப்படியே சொன்னார்களாம். யாருக்கு என்று சின்னசாமி கேட்டாராம், சம்பந்தத்துக்கு என்று எல்லோரும் சொன்னார்களாம்.

முடிவைப் பார்த்ததும் மோகனப்பிரியா பதறிக்கொண்டு சின்னசாமியிடம் போயிருக்கிறாள். கம்ப்யூட்டர் கோளாறில் நம் ஏரியா ஓட்டு மொத்தமும் செல்லாமல் போய்விட்டது, சம்பந்தத்துக்கும் தெரியும், அதைப் பற்றிப் பேசினால் அழுதுவிடுவான், வாயைத் திறக்காதீர்கள் என்று அவர் சொல்லியிருக்கிறார். அதனால்தான் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. புதுவீட்டுக்கு அண்ணன் வராததும் அந்த வருத்தத்தில்தான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"சண்முகசுந்தரம் அண்ணன் மட்டுந்தான் ஓடிபி குடுக்கல. நானே போட்டுக்கறேன்னுட்டாரு" என்றாள்.

ராஜகுமாரி அவள் கையை விட்டாள். மோகனப்பிரியா மாலையை வைத்துவிட்டு அழுதாள். அது வேஷமில்லை என்று இப்போது தெரிந்தது.

ஓட்டுப் போட்ட அன்று சம்பந்தம் கால் புண்ணுக்காக ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். இரண்டு போனும் ராஜகுமாரியின் பையில் இருந்தன. சின்னசாமி போன் செய்தார். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, முதலில் சம்பந்தத்துக்கு வந்த எண்ணையும் பிறகு தனக்கு வந்த எண்ணையும் நிறுத்தி நிறுத்திப் படித்துக் காட்டியது அவள்தான். ஏழா ஒண்ணா என்று சின்னசாமி ஒருமுறை திருப்பிக் கேட்டதுகூட நினைவு இருந்தது.

அவள் எழுந்தாள். அம்மா எங்கே போகிறாய் என்று மகள் அகல்யா தடுக்க வந்தாள். ராஜகுமாரி அவளை விலக்கிவிட்டு வீட்டின் பின்பக்கம் போனாள். அங்கே சின்னசாமி, பாடை கட்டுகிறவர்களுக்குக் கயிறு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து எல்லாவற்றையும் அவர்தான் ஓடி ஓடிச் செய்தார். ஐஸ் பெட்டி, மேளம், வண்டி எல்லாம் அவர் ஏற்பாடு. அவளைப் பார்த்ததும் தனியாக வந்தார். அவள் கேட்பதற்கு முன்பே அவர் முகம் மாறிவிட்டது.

"யாருக்கு போட்ட அண்ணே?"

அவர் கையிலிருந்த கயிற்றைச் சுற்றினார், அவிழ்த்தார். தன் மகள் சுவேதாவுக்குச் சங்கக் கார்டு வேண்டுமென்று இரண்டு வருஷமாக நடக்கிறாராம். உங்கள் ஏரியா ஓட்டு மொத்தமும் மைத்துனருக்கு வந்தால் பார்க்கலாம் என்று தலைவர் பக்கத்தில் சொன்னார்களாம்.

"அவன் எப்பிடியும் ஜெயிக்கப் போறதில்லன்னு நெனச்சேன் தங்கச்சி. ஒரு பத்து ஓட்டாவது உட்டு வெச்சிருக்கலாம். வெக்கல."

"அவரு ஓட்டயுமா?"

சின்னசாமி தலையைக் குனிந்துகொண்டார்.

ஓட்டைத் திருடியதைக்கூட ஒருநாள் அவள் மன்னித்துவிடுவாள். பெண்ணைப் பெற்றவன், புத்தி பிசகிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் ஆறு வாரம் இதே மனுஷன் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் போட்ட டீயைக் குடித்துக்கொண்டு, யார் பொய் சொல்லியிருப்பார்கள் என்று ஒவ்வொரு பெயராகச் சொல்லிக் கொடுத்தானே, அதை எங்கே கொண்டுபோய் வைப்பது? ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சம்பந்தம் இரண்டு நாள் திட்டிவிட்டு மூன்றாம் நாள் டீக்கடைக்குப் போயிருப்பார். அந்த எண்களைப் படித்துக் காட்டிய தன் வாயையும் சேர்த்துச் சபித்தாள்.

வீட்டைச் சுற்றிக்கொண்டு தெருவுக்கு வந்தாள். தெருக்கோடியில், பந்தலுக்கு வெளியே, சைக்கிளைப் பிடித்தபடி சண்முகசுந்தரம் நின்றுகொண்டிருந்தார். பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு வேஷத்துக்காகச் சம்பந்தத்தோடு சட்டையைப் பிடித்துச் சண்டை போட்டவர். அதற்குப் பிறகு ஒரே வண்டியில் ஷூட்டிங் போனாலும் ஆளுக்கொரு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு போவார்கள். யார் ஓட்டுப் போடாமல் ஏமாற்றியது என்று பேசும்போது சம்பந்தம் முதலில் சந்தேகப்பட்டது அவரைத்தான். சின்னசாமி ஆமாம் போட்டார்.

"நீங்க யாருக்குண்ணே போட்டீங்க?"

அவர் சைக்கிளின் பிரேக்கை அழுத்தி அழுத்தி விட்டார்.

"அவனுக்குத்தான். நானே போட்டேன். மூணு தடவ தப்பாப் போச்சி, நாலாவது தபா உழுந்துச்சி." பிறகு அவரே சொன்னார்: "அந்தப் படத்துல எழுந்துக்க சொன்னதும் எல இருக்குதே, அத்த மடிக்கிறதுக்கு முன்னால பக்கத்து எலக்காரன ஒரு பார்வ பாப்பான். பாத்துட்டு, அவன் சாப்பாடு கெடக்கூடாதுன்னு சிரிப்பான். எவனும் சொல்லிக் குடுத்திருக்க மாட்டான் அத்த. எனக்கு வராது. நம்ம சங்கத்துல எவனுக்கும் வராது."

மூன்றில் ஒன்று இவருடையது; மற்ற இரண்டும் வேறு ஏரியாவில் முகம் தெரியாத யாரோ போட்டவை. ராஜகுமாரிக்கு அப்போதுதான் அழுகை வந்தது. நேற்றுக் காலையிலிருந்து வராத அழுகை.

"அவருகிட்ட சொல்லியிருக்கலாமேண்ணே."

"பேச்சுவார்த்த இல்லியே" என்றார்.

உள்ளே மேளம் வேகமெடுத்தது. ஆண்கள் பெட்டியிலிருந்து உடலை எடுத்துப் பாடையில் வைத்தார்கள். பெண்கள் கண்ணை மூடிக்கொண்டு வாய்க்கரிசி போட்டார்கள். ராஜகுமாரி போட்டபோது கண்ணைத் திறந்துகொண்டே போட்டாள். தெருக்கோடியில் நிற்கும் வண்டி வரைக்கும் தோளில் கொண்டுபோக வேண்டும். சின்னசாமி துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு முன்பக்க வலது மூலைக்கு வந்து குனிந்தார். அது அவர் இடம்தான் என்று யாரும் சொல்லாமலே எல்லோரும் ஒதுங்கினார்கள்.

"நீ தள்ளிக்கோண்ணே" என்றாள் ராஜகுமாரி.

மேளம் அடித்தவர்கள்கூட ஒரு கணம் தடுமாறினார்கள். ஏன் என்று அகல்யா கேட்டாள். சின்னசாமி கேட்கவில்லை. நிமிர்ந்து, துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, இரண்டடி பின்னால் போய் நின்றார். அவள் தெருக்கோடியைப் பார்த்தாள். கையை அசைத்துக் கூப்பிட்டாள்.

சண்முகசுந்தரம் சைக்கிளைச் சுவரில் சாய்த்தார். அது சரிந்து விழுந்தது. அதைத் தூக்காமல் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு மூங்கிலுக்குக் கீழே தோளைக் கொடுத்தார்.

மற்ற மூன்று பேரைவிட அவர் ஒரு சாண் குள்ளம். எழுந்தபோது பாடை அவர் பக்கம் சரிந்தது. பின்னால் பிடித்திருந்த பையன் முட்டியை வளைத்துப் பார்த்தான், சரிவரவில்லை. அப்படியே நடந்தார்கள். சேக்காடு தெருவில் தண்ணீர் லாரி ஒதுங்கி வழிவிட்டது. சம்பந்தத்தின் தலை ஒரு பக்கமாக, சண்முகசுந்தரத்தின் தோள் இருந்த பக்கமாக, லேசாகத் திரும்பியபடியே போனது.