ரூக்கரி பெல்லின் முன்னங்கால்

மார்ச் மாதக் குதிரைப் பந்தயத்துக்கு அக்டோபரிலேயே பணம் கட்ட வருபவர்களை என் பந்தயக் கடையில் கும்பிட்டு வரவேற்பேன். எந்தக் குதிரை ஓடும் என்றே அப்போது தெரியாது. ஓடாமல் போனால் கட்டிய பணம் எனக்குத்தான். அயர்லாந்தில், எங்கள் டிப்பரேரியில் இப்படிப்பட்ட தர்மவான்களுக்குப் பஞ்சமில்லை.

பிரீடா குயின்லன் அந்த ரகம் இல்லை. பயிற்சியாளர் மாலக்கியின் லாயத்தில் இருபது வருடமாகக் குதிரைகளைப் பராமரிக்கிறவள். அந்த லாயத்து ரூக்கரி பெல் என்ற குதிரைமேல், ஒன்றுக்கு அறுபது என்ற விலையில், ஐந்நூறு யூரோ கட்டினாள். சிரித்துக்கொண்டே சீட்டு எழுதினேன். குளிர்காலம் முழுக்க அந்தக் குதிரை ஜெயித்துக்கொண்டே வந்தது. மார்ச் பந்தயத்திலும் ஜெயித்தால் நான் அவளுக்கு முப்பதாயிரம் தர வேண்டும். கடையை மூட வேண்டியதுதான். குதிரைக்கு ஒரு இருமலாவது வரட்டும் என்று மாதாகோயிலில் மெழுகுவத்தி ஏற்றினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

பந்தயத்துக்கு இரண்டு நாள் முன்பு, செவ்வாய் பத்து மணிக்கு ஓடும் குதிரைகளின் பட்டியல் முடிவாகும். ஒன்பதரைக்குச் சேற்று பூட்ஸோடு பிரீடா வந்து நின்றாள்.

"சந்தோஷப்படு டென்சி. பெல் ஓடல. மாலக்கி பேரை எடுத்துட்டார்."

துள்ளிக் குதிக்காமல் இருக்க மேஜையைப் பிடித்துக்கொண்டேன். "அடடா, என்னாச்சு?"

"முன்னங்கால்ல சூடு. விடிகாலைல தடவிப் பாக்கறப்போ தெரிஞ்சுது."

"மாலக்கிக்கா?"

"எனக்குத்தான். அவர் தொட்டுப் பாத்துட்டு ஒண்ணுமில்லைன்னார். குதிரை டாக்டரும் அதையேதான் சொன்னார். சண்டை போட்டு ஸ்கேன் எடுக்க வச்சேன். உள்ள தசைநார் கிழிஞ்சிருக்கு. ஓடியிருந்தா கால் ஒடிஞ்சிருக்கும்."

"அடிப் பைத்தியமே! பேசாம இருந்திருந்தா உன் சீட்டு உசிரோட இருந்திருக்குமே! முப்பதாயிரம்!"

"அதால வாயைத் திறந்து சொல்ல முடியாது டென்சி. தெரிஞ்சவ நான் ஒருத்திதான்."

மேஜைமேல் இருந்த அவள் கையையே பார்த்தேன். வெடித்த விரல்கள், நகமெல்லாம் அழுக்கு. டாக்டருக்கே தெரியாத சூடு அந்தக் கைக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்ததை அது மறைக்கவும் இல்லை. முப்பது வருடமாக மனிதர்களை எடைபோட்டே பிழைத்தவன் நான். பிரமித்துப் போய் ஐந்நூறு யூரோவை எடுத்து நீட்டினேன்.

"ஓடலைன்னா போச்சு. அதுதானே பேச்சு? உள்ள வை," என்றாள். பிறகு அந்த வாரச் சம்பளத்தை எடுத்து வைத்தாள். "அடுத்த மார்ச்சுக்கு பெல்லுக்கு என்ன விலை தர்றே?"

தசைநார் கிழிந்த குதிரை திரும்ப ஓடும் என்று ஊரில் எவனும் சொல்லமாட்டான். ஆனால் பணம் வைப்பது அந்தக் கை. ஒன்றுக்கு நூறு என்று எழுதிக் கொடுத்தேன். கடை போனால் போகட்டும், அது ஓடி ஜெயிக்கட்டும் என்று மனதார வேண்டிக்கொண்டேன்.