வரப்பு பிரித்த நாள்

தாமோதரன் தன் வாழ்நாளில் எத்தனையோ பாகம் பிரித்திருக்கிறார். திருப்புலிவனத்தில் அண்ணன் தம்பி அடித்துக்கொண்டால் முதலில் அவரிடம்தான் வருவார்கள். கிணற்றுக்கு முறை வைப்பார், புளியமரத்தில் கிளை பார்த்துப் பங்கு வைப்பார், ஒரே கறவை மாட்டைக் காலையில் ஒருவனும் மாலையில் ஒருவனும் கறந்துகொள்ளச் சொல்வார். அப்பேர்ப்பட்ட மனிதர் அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கம்ப்யூட்டர் சமாசாரத்தைப் பிரிக்க உட்கார்ந்து பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

பிரிக்க வேண்டிய சொத்தின் பெயர் ‘வரப்பு’. வலைத்தளம் கட்டுகிறவர்களுக்கான சட்டகம் அது. பக்கத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, பட்டன், மெனு, படிவம் என்று எல்லாவற்றையும் தயாராக வைத்திருக்கும். எடுத்துப் போட்டுக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். வெளிநாட்டுச் சட்டகங்களில் தமிழைப் போட்டால் ‘கீ’யின் சுழி வெட்டுப்படும், ‘மூ’வின் வால் கீழ்வரியில் போய் இடிக்கும். காலேஜில் படிக்கும்போது அதைப் பார்த்துப் பார்த்து எரிச்சலாகி ஜெனிஃபர் எழுத ஆரம்பித்ததுதான் வரப்பு. எழுதியதை மூல நிரலோடு இணையத்தில் திறந்து வைத்தாள். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். ஏன் எடுத்தாய் என்று கேட்க ஆளில்லை.

கூடப் படித்த வினோத்குமார் அதைத் தொழிலாக்கினான். சும்மா சொல்லக்கூடாது, அவன் வாய்க்கு மயங்காத ஆள் கிடையாது. சட்டகம் இலவசம், அதை வைத்துத் தளம் கட்டித்தர, பழுது பார்க்க, ஆள் பழக்கக் காசு. கோயம்புத்தூரில் ஆஸ்பத்திரி, யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடம், மலேசியாவில் ஒரு பத்திரிகை என்று பேசிப் பேசியே பிடித்து வந்தான். அவன் அப்பா தாமோதரனின் ரைஸ் மில் மாடியில் ஆபீஸ். கீழே தவிடு பறக்கும். மேலே நான்கைந்து பிள்ளைகள் கீபோர்டைத் துடைத்துத் துடைத்து வேலை பார்த்தார்கள். எல்லாம் ஜெனிஃபர் காலனியிலிருந்து கூட்டி வந்து பழக்கிய பிள்ளைகள்.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. சென்னையிலிருந்து ஒரு கம்பெனி வந்தது, வினை அங்கே பிடித்தது. பெரிய பணம் போடுகிறோம், அடுத்த பதிப்பிலிருந்து வரப்பைப் பூட்டிவிடுங்கள், தொடுகிறவனெல்லாம் வருஷா வருஷம் கட்டணம் கட்டட்டும் என்றார்கள். வினோத் சரி என்றான். ஜெனிஃபர் முடியவே முடியாது என்றாள். பூட்டு போடுவதற்கா இத்தனை வருஷம் எழுதினோம் என்று அவளுக்கு ஆத்திரம். பேசிப் பார்த்தார்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், கடைசியில் விஷயம் தாமோதரன் காதுக்குப் போயிற்று. அவருக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் பஞ்சாயத்துதான்.

மில் களத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தன. தாமோதரன், அவருடைய மைத்துனர் உரக்கடை தமிழ்வாணன், வினோத் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். ஜெனிஃபர் தாய்மாமன் ஆல்பர்ட்டோடு போனாள். ஆல்பர்ட் அந்த மில்லில் மூட்டை தூக்கியவர். கேட்டைத் தாண்டியதுமே துண்டு தோளிலிருந்து கைக்கு இறங்கிவிட்டது. அதைப் பார்த்த ஜெனிஃபர் அடுக்கி வைத்திருந்ததில் இரண்டு நாற்காலியை உருவி, ஒன்றை மாமாவுக்குப் போட்டு, மற்றதில் தான் உட்கார்ந்தாள். மாமா உட்காரவில்லை.

“ஊரு ஒலகத்துல இல்லாத பேஜாரா கீது,” என்று ஆரம்பித்தார் தாமோதரன். “தோ பாரும்மா. மில்லு என்து, மாடி என்து. கம்ப்யூட்டரு நான் வாங்கிக் குட்த்தது. கம்பெனி என் புள்ள பேர்ல கீது. வரப்புன்ற பேரையும் அவன்தான் பதிஞ்சி வெச்சிக்கீறான். இதுல உன்துன்னு இன்னா கீது, நீயே சொல்லு.”

“ஒன்னும் இல்ல சார்,” என்றாள் ஜெனிஃபர்.

அவள் வீட்டில் எல்லாரும் அவரை ‘ஆண்டை’ என்பார்கள். இவளுக்கு மட்டும் அவர் எப்போதும் சார்தான்.

“அப்ப பிரச்சன தீந்துது. எல்லாம் வினோத்துக்கு.”

“தீந்துது சார். மில்லு, மாடி, கம்ப்யூட்டரு, கம்பெனி, பேரு, எல்லாத்தையும் வினோத்தே வெச்சிக்கட்டும். நான் எழுதினத எட்துக்கினு போறேன்.”

“இன்னா வெளாட்றியா? அதத்தான் அவனுக்குன்னு சொல்லிட்டனே.”

“வினோத்து கிட்டயும் இருக்கும் சார். எங்கிட்டயும் இருக்கும்.”

தமிழ்வாணன் குறுக்கே வந்தார். “உனுக்குப் பாதி, அவனுக்குப் பாதியா?”

“பாதி இல்ல சார். வினோத்துக்கும் முழுசு, எனக்கும் முழுசு.”

புளியமரத்தையே பங்கு வைத்த தாமோதரனுக்கு இது பிடிபடவில்லை. மகனைப் பார்த்தார். வினோத் தரையைப் பார்த்தான்.

“கரெக்ட்தான் நைனா. இதுவரிக்கும் எழுதினத யார் வேணா எட்துக்கலாம். லைசென்ஸே அப்டித்தான். வேற பேரு வெச்சிக்கினா ஒன்னும் கேக்க முடியாது.”

“யார் வேணாலுமா?” என்றார் தமிழ்வாணன். “நானுமாடா?”

“நீங்களும்தான் மாமா.”

தமிழ்வாணன் திடீரென்று சொத்து வந்தவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். தாமோதரன் முறைத்ததும் பழையபடி சாய்ந்துகொண்டார்.

“எவன் பொருள எவன் எட்துக்கறது? அவ கிட்ட கீறத அழிக்கச் சொல்லு.”

“அழிக்கிறேன் சார், இப்பவே,” என்றாள் ஜெனிஃபர். “பிரேசில்ல ஒர்த்தர் வெச்சிக்கினு கீறாரு. கென்யாவுல ஒரு அம்மா. அவங்களயெல்லாம் யார் போயி அழிக்கச் சொல்றது? நீங்க போறீங்களா?”

ஆல்பர்ட் அவசரமாக முன்னால் வந்தார். “ஆண்ட, பொண்ணு தெரியாம பேசுது. மனசுல வெச்சிக்காதீங்க,” என்றவர் அவள் பக்கம் குனிந்தார். “ஜெனி, குட்த்தத வாங்கிக்கினு எழுந்து வா.”

“இன்னும் ஒன்னும் குடுக்கல மாமா.”

வாய் இப்படிப் பேசியதே தவிர உள்ளே அவளுக்குப் பயம்தான். உண்மை அதுதான். ஆஸ்பத்திரிக்காரரோடு பேசியவன் வினோத், பத்திரிகைக்காரரோடு பேசியவன் வினோத். முன்பின் தெரியாதவர் போன் செய்தாலே அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். நாளைக்கு ஆபீஸ் கிடையாது, கம்பெனி கிடையாது, வரப்பு என்று தெரிந்த அந்தப் பெயரும் கிடையாது. கூட வாருங்கள் என்று அந்தப் பிள்ளைகளை எந்த முகத்தோடு கூப்பிடுவது? அதனால் அவள் யாரையும் கூப்பிடவில்லை.

“அப்ப இந்தத் தொழிலே இனிமே பண்ணமாட்டேன்னு எழுதிக் குடு,” என்றார் தாமோதரன்.

“மாட்டேன் சார். உங்களுக்குப் பயந்துக்கினு கைநாட்டு வெச்சதெல்லாம் எங்க தாத்தாவோட போச்சி.”

ஆல்பர்ட் கண்ணை மூடிக்கொண்டார். ஆனால் தாமோதரன் கத்தவில்லை. நாலு பேருக்குப் பங்கு வைத்த மூளை, மெல்ல வேலை செய்ய ஆரம்பித்திருந்தது.

“சரி, போவட்டும் உடு,” என்றார் மகனிடம். “அவ எட்துக்கினு போறது பழசு. அறுத்து முட்ச்ச நெலத்துல தாளு பொறுக்கறா மாதிரி. நாளையிலேர்ந்து நீ எழுதறது புதுசு. அதப் பூட்டிக்கலாமில்ல?”

“பூட்டிக்கலாம் நைனா.”

“மெட்ராஸ்காரன் கேட்டதும் அதான?”

“அதான்.”

“அப்ப முட்ஞ்சிது.” எழுந்திருக்கப் போனவர் நின்றார். “அந்தப் புதுச யார் எழுதறது?”

வினோத் மாடியைப் பார்த்தான்.

“கேக்கறன்ல.”

“ஜெனிதான் நைனா எழுதும். எனக்கு அந்த அளவுக்கு வராது.”

“மேல கீற புள்ளைங்க?”

“செவ்வந்தி காலைல போன் பண்ணிச்சி. ஜெனி எங்கயோ அங்கதான் நாங்க எல்லாரும்னு சொல்லிச்சி.”

ஜெனிஃபர் சட்டென்று தலையைத் திருப்பிக்கொண்டாள். அழுகையை இவர்கள் முன்னால் காட்டுவதாவது. செவ்வந்தியின் குடும்பத்துக்கு அந்தச் சம்பளம்தான் அடுப்பு எரிக்கிறது. கூப்பிடாமலே வருகிறேன் என்றிருக்கிறாள் அந்தப் பெண். பயம் விட்டுப்போயிற்று.

தாமோதரன் திரும்ப உட்கார்ந்தார். குரல் இறங்கியிருந்தது.

“பாதி எட்துக்கம்மா. கம்பெனில சரிபாதி. உன் பேரையும் சேத்து எழுதச் சொல்றேன். இந்த வாயால நான் யாருக்கும் இப்டி எறங்கி வந்து சொன்னதில்ல, உங்க மாமனயே கேளு.”

ஆல்பர்ட்டின் கை அவள் தோளை அழுத்தியது. வாங்கிக்கொள் என்று கெஞ்சியது அந்தக் கை. மூட்டை தூக்கிய மில்லில் தன் அக்கா மகளுக்குப் பாதி என்றால் அந்த மனிதருக்கு அது கனவிலும் வராத பேச்சு. அதை நினைத்து ஜெனிஃபருக்கு வலித்தது.

“பூட்டு?” என்று கேட்டாள்.

“பூட்டு இருக்கத்தான் செய்யும். அதுக்குத்தான துட்டு போட்றான்.”

ஜெனிஃபர் எழுந்துகொண்டாள். மாமாவின் கையைத் தோளிலிருந்து எடுத்து, விடாமல் தன் கையில் பிடித்துக்கொண்டாள்.

“வோணாம் சார். முழுசே எங்கிட்ட கீது. பாதிய வெச்சிக்கினு நான் இன்னா பண்றது?”