சோலையம்மாளின் கைகள்

1957இல் விருதுநகரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் ஞானதீபம் நர்ஸாக இருந்தாள். அங்கே தாயில்பட்டியிலிருந்து சோலையம்மாள் வந்தாள். பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்குகிறவள். இரண்டு கைகளிலும் கரப்பான் புண் வெடித்து நீர் வடிந்தது. மகளுக்குத் தலை வாரிவிடக்கூட முடியவில்லை என்றாள்.

புண் ஆற வாரம் ஒருமுறை கையில் எக்ஸ்ரே கதிர், தினமும் நிலக்கரித் தார்க் களிம்பு என்றார் டாக்டர். அந்நாளில் இரண்டுமே வழக்கமான வைத்தியம்தான். ஞானதீபம்தான் அந்தக் கைகளைக் கருவிக்கு அடியில் விரித்து வைத்தாள், களிம்பு தடவிக் கட்டினாள். புண் ஆறும், சோலையம்மாள் வேலைக்குப் போவாள், மறுபடி வரும். மூன்றாம் வருடம் டாக்டர், “எக்ஸ்ரே போதும், நிறுத்திவிடலாம்” என்றார். ஞானதீபம் மன்றாடி இன்னொரு சுற்று வாங்கிக் கொடுத்தாள்.

கல்யாணமாகிச் சென்னைக்குப் போனவள், ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்தாள். 1968இல் அங்கே சீனிவாசகம் என்ற விஞ்ஞானி, எலிக்கருவின் செல்களைக் கண்ணாடித் தட்டுகளில் வளர்த்தார். நல்ல செல்கள் ஒன்றையொன்று தொட்டதும் வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். புற்றாகக் கெட்டுப்போனவை ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் குவியும். எக்ஸ்ரே மட்டும் பட்ட தட்டுகளில் ஓரிரு குவியல்கள். தாரிலிருந்து எடுத்த ரசாயனம் மட்டும் விட்டவற்றில் நாலைந்து. முதலில் எக்ஸ்ரேயும் பிறகு ரசாயனமும் பட்டவற்றில் முப்பதுக்கு மேல்.

ஞானதீபம் நுண்ணோக்கியை விட்டு எழுந்தாள்.

“சார், மனுசங்க கையிலயும் இப்படி ஆகுமா?”

“தட்டில் பார்த்ததை வைத்து ஆகும் என்று சொல்ல முடியாது. ஆகாது என்றும் சொல்ல மாட்டேன்” என்றார் அவர்.

அந்த வாரமே தாயில்பட்டிக்குப் பஸ் ஏறினாள். சோலையம்மாளுக்கு வலது கை மணிக்கட்டோடு போயிருந்தது. புற்றுநோய் என்று இரண்டு வருடத்துக்கு முன் மதுரையில் எடுத்துவிட்டார்கள்.

“நர்சம்மாவா? வாங்க, உக்காருங்க. எம்புட்டு நாளாச்சு.”

ஞானதீபம் எல்லாவற்றையும் சொன்னாள்.

“அப்ப கம்பெனி மருந்தால இல்லையா?”

“அதுவும் இருக்கலாம்க்கா. எதுன்னு யாராலயும் பிரிச்சுச் சொல்ல முடியாது. ஆனா டாக்டர் போதும்னப்ப கேட்டு வாங்கிக் குடுத்தது நான்தான்.”

“எனக்காகத்தான கேட்டீக.” என்றாள் சோலையம்மாள். “ஒங்களத்தான் நான் நல்லபடியா நெனச்சுக்கிட்டிருந்தேன். நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாம்.”

ஞானதீபம் அவளது இடது கையைக் காட்டச் சொன்னாள். பெருவிரல் அடியில் ஆறாத ஒரு தடிப்பு இருந்தது. மறுநாள் மதுரைக்கு அழைத்துப் போனாள். போகும் வழியெல்லாம் சோலையம்மாள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். தடிப்பு புற்றுதான், ஆரம்ப நிலை. அதை மட்டும் வெட்டி எடுத்தார்கள். அந்தக் கை பிழைத்தது.

சென்னை திரும்பியதும், அதே சிகிச்சை பெற்ற மற்றவர்களை எச்சரிக்க, அவர்களின் பெயர்களைக் கேட்டு ஞானதீபம் பழைய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதினாள். அந்த வருடங்களின் நோட்டுகளைக் கரையான் அரித்துவிட்டதாகப் பதில் வந்தது. நினைவில் இருந்தவர்களை எழுதிப் பார்த்தாள். ஆறு பெயர்கள் வந்தன. இரண்டு பேருக்கு ஊர் தெரியவில்லை.