வளையத்துக்குள் புள்ளிகள்

வெல்டிங் பட்டறையில் இரும்புக் கதவு விழுந்து அத்தானின் கால் புண்ணானது. அதிலிருந்து எடுத்த சீழைச் சோதித்தவள் நான்தான். அந்த ஆஸ்பத்திரியின் ஆய்வுக்கூடத்தில் எனக்கு அதுதான் வேலை. தட்டில் கிருமியைப் பரப்பி, மருந்து தோய்த்த காகிதப் பொட்டுகளை மேலே வைப்போம். எந்தப் பொட்டைச் சுற்றிக் கிருமி முளைக்காமல் வெற்று வளையம் விழுகிறதோ, அந்த மருந்து கேட்கும். அத்தானுக்கு ஒரே ஒரு மருந்துக்குத்தான் விழுந்தது. அதை ஏற்றினார்கள்.

காய்ச்சல் இறங்கியது. பிறகு மறுபடி ஏறியது. மறுபடி சீழ் வந்தது. அதே கிருமி, அதே மருந்து. வளையம் மட்டும் இல்லை. பொட்டின் விளிம்புவரை நெருக்கியடித்து முளைத்திருந்தது.

அந்த மருந்தை மதிக்காத கிருமியை அதற்குமுன் ஒருவரிடம்தான் பார்த்திருந்தேன், அடுத்த கட்டில் பெரியவரிடம். ஆனால் அது முற்றிலும் வேறு இனம். இருவருக்கும் பொதுவாக இருந்தது நடுவிலிருந்த கை கழுவும் தொட்டி ஒன்றுதான். தண்ணீர் பக்கத்தில் இருந்தால் வசதி என்று அத்தானுக்காக அக்கா கேட்டு வாங்கிய கட்டில் அது.

நான் வார்டுக்குப் போனபோது நர்சம்மா பாட்டிலில் மிஞ்சிய மருந்தை அதே தொட்டியில் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"தினமும் இங்கதான் ஊத்துவீங்களா?"

"பின்ன, என் தலையிலயா ஊத்திக்கறது?"

தொட்டியின் ஓட்டைக்குள் பஞ்சுக்குச்சியை விட்டு எடுத்தேன். வழவழவென்று ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது. யாருக்கும் கெடுதல் செய்யாத தண்ணீர்க் கிருமி. அதுவும் பொட்டுவரை முளைத்தது.

எந்த மருந்துக்கும் செத்துப்போகும் அப்பாவிக் கிருமி ஒன்றை ஆய்வுக்கூடத்தில் வளர்ப்போம். அதையும் தொட்டிக் கிருமியையும் ஒரே குழாயில் விட்டுவைத்தேன். மறுநாள் அப்பாவியைப் பிரித்து, மருந்து கலந்த தட்டில் போட்டேன். சாக வேண்டியது, அங்கங்கே முளைத்து நின்றது. பெற்ற உறவும் இல்லை, பிறந்த உறவும் இல்லை; ஒட்டி நின்ற நேரத்தில் பிழைக்கும் வித்தையின் நகலைக் கைமாற்றிக்கொண்டிருந்தன. பூட்டிய அறைக்குள் பேச்சுக்குரல் கேட்டதுபோல முதுகு சிலிர்த்தது.

ஓட்டையிலிருந்து கட்டில்வரை தெறிக்கும் தண்ணீரில்தான் அந்த வித்தை அத்தானிடம் வந்திருக்க வேண்டும். தொட்டியை அடைத்தார்கள். கட்டிலை நகர்த்தினார்கள். டாக்டர் என்னைக் கூப்பிட்டார்.

"பழைய மருந்து ஒண்ணு இருக்கும்மா. கிட்னிய அடிக்கும், பரவால்ல. அதுக்கு வளையம் விழுதான்னு பாரு. இல்லன்னா கால எடுத்துடணும். ரத்தத்துல ஏறிட்டா ஆளே மிஞ்ச மாட்டார்."

விழுந்தது. சிறியதுதான், ஆனாலும் வளையம். அக்காவிடம் சொல்ல எழுந்தவள், தட்டை வெளிச்சத்தில் சாய்த்தேன். வளையத்துக்குள் ஊசிமுனைப் புள்ளிகள். கிருமி அங்கேயும் முளைக்கத் தொடங்கியிருந்தது.

வார்டில் டாக்டர் கட்டிலருகே நின்றிருந்தார்.

"வாங்க ஆராய்ச்சி," என்றார் அத்தான். "கிருமி ஜெயிச்சுதா, நான் ஜெயிச்சேனா?"

"சும்மா இருங்க. அவ மூஞ்சியப் பாருங்க," என்றாள் அக்கா.

"வளையம் இருக்கா?" என்று டாக்டர் கேட்டார்.

"இருக்கு சார்."

அக்கா கண்ணை மூடிக் கும்பிட்டாள்.

"ஆனா உள்ளயும் முளைக்குது. இந்த மருந்தும் தாங்காது சார்."

அத்தான் போர்வைக்கு அடியில் கால்விரல்களை ஆட்டிப் பார்த்தார்.

"முட்டிக்கு மேலயா, கீழயா?"

"இன்னிக்கே செஞ்சா கீழ," என்றார் டாக்டர்.

"அப்ப இன்னிக்கே செய்ங்க. எதுக்கு அதுங்களுக்கு டைம் குடுத்துக்கிட்டு?"

அக்கா அழுதுகொண்டே, அத்தான் காலைத் தடவிக்கொண்டிருந்த கையால் என் கையைப் பிடிக்க வந்தாள். என்னையும் அறியாமல் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.