ஓட்டுகிற பக்கம்

காரின் லீஸ் முடிய இன்னும் அறுபத்தெட்டு மணி நேரம் இருந்தது. வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு, ஆய்வகத்தில் சோதனைக்கு வந்த தண்ணீர் பாட்டில்களுக்கு எண் ஒட்டிக்கொண்டிருந்தபோது லீஸ் கம்பெனியின் மின்னஞ்சல் வந்தது. காரை லீஸுக்கு எடுத்தது அப்பா. ஆனால் அது சம்பந்தமான மின்னஞ்சல்கள் எனக்குத்தான் வரும். வீட்டில் படிவம் நிரப்புவது என் வேலை.

திங்கள் காலை பத்து மணிக்குள் முடிவு சொல்ல வேண்டும். காரைத் திருப்பித் தரலாம். அப்படியானால் இரண்டு சாவிகளும் வேண்டும், சர்வீஸ் புத்தகம் வேண்டும், வங்கி அட்டையை விடப் பெரிய கீறல் எதுவும் இருக்கக் கூடாது. இல்லையென்றால் மீதி விலையைக் கட்டி நாமே வாங்கிக்கொள்ளலாம்.

அப்பா வாங்கிவிடலாம் என்றார். அம்மா கொடுத்துவிடலாம் என்றாள். எனக்கு இரண்டும் ஒன்றுதான். திங்கட்கிழமை காலை அக்காவின் மகள் குட்டி அந்தக் காரில் போகக் கூடாது, அவ்வளவுதான். ஏன் என்று நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

அப்பா முப்பத்தொரு வருடம் நகரப் பேருந்து ஓட்டியவர். ஒரு விபத்து கிடையாது. ஓய்வு பெற்று நாலு வருடமாகியும் தெருவில் அவர் பஸ்காரர்தான். இப்போதும் வண்டியை எடுக்கும் முன் ஒருமுறை சுற்றி வந்து, நாலு டயரையும் செருப்பு நுனியால் தட்டிப் பார்ப்பார். அக்காவும் அத்தானும் விடிவதற்குள் வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். குட்டியை ஏழே முக்காலுக்குப் பள்ளியில் விடுவது அப்பாவின் பொறுப்பு. குட்டியின் இருக்கை அவருக்கு நேர் பின்னால் கட்டப்பட்டிருந்தது.

எனக்கு ஓட்டத் தெரியாது. அப்பா இரண்டு நாள் சொல்லிக்கொடுத்தார். மூன்றாம் நாள், நான் பிரேக்கை மிதிப்பதில்லை, அதன் மேல் ஏறிக் குடித்தனம் நடத்துகிறேன் என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மாலை முழுக்க இரண்டாவது சாவியைத் தேடினோம். அப்பா டிராயர்களை ஒவ்வொன்றாகக் கட்டில் மேல் கவிழ்த்தார். பழைய டார்ச், கடிகாரப் பட்டை, எந்தப் பூட்டுக்கும் சேராத ஒன்பது சாவிகள் கிடைத்தன. கார் சாவி மட்டும் இல்லை. அப்பாவுக்கு அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. சாவி இல்லையென்றால் அபராதம், கீறல்களுக்குத் தனி அபராதம், அதற்குப் பேசாமல் வண்டியையே வாங்கிவிடலாம் என்று கணக்குச் சொன்னார்.

அம்மா உள்ளே போய்த் தன் கைப்பையைக் கொண்டுவந்தாள். பையின் உள்துணியில் ஓரிடத்தில் தையல் போட்டிருந்தது. கத்தரியால் அதைப் பிரித்து, சாவியை எடுத்து மேசை மேல் வைத்தாள். அப்பா சாவியைப் பார்த்தார், பிறகு அம்மாவைப் பார்த்தார். பத்திரமா இருக்கட்டுமேன்னு வெச்சேன் என்று சொல்லிவிட்டு அம்மா சமையலறைக்குப் போய்விட்டாள். நான் பின்னாலேயே போனேன்.

"நாலு மாசம் முன்னாடி ரெண்டு சாவியையும்தான் எடுத்தேன்" என்றாள் அம்மா, குழாயைத் திறந்துவிட்டுத் தாழ்ந்த குரலில். "அன்னிக்கு அவர் வீட்டையே தலைகீழாக்கிட்டாரு. பார்க்கப் பாவமா இருந்துச்சு. ஒண்ணத் திருப்பி வெச்சுட்டேன்."

ஏன் எடுத்தாய் என்று கேட்டேன். சும்மா என்றாள். அந்த மாதத்திலிருந்துதான் அம்மா பள்ளி வரைக்கும் காரில் கூடவே போகத் தொடங்கியிருந்தாள். திரும்பும்போது காய்கறி வாங்கலாம் என்று காரணம் சொல்வாள். வாங்கி வந்ததில்லை. முன்னிருக்கையில் உட்கார்ந்து, வலப்பக்கம் சைக்கிள் வருது, வலப்பக்கம் ஆள் நிக்கறாங்க என்று சொல்லிக்கொண்டே போவாளாம். குட்டி அதை அப்படியே நடித்துக் காட்டுவாள். அப்பா சிரித்து, நம்ம வண்டிக்குக் கண்டக்டர் போட்டாச்சு என்பார்.

சனிக்கிழமை பதினொரு மணிக்குக் கம்பெனியிலிருந்து வண்டியைப் பார்க்க வருவதாக இருந்தது. வாங்கினாலும் கொடுத்தாலும் அவர்கள் ஒருமுறை பார்ப்பார்கள். காலையிலேயே அப்பா காரைக் கழுவித் துடைத்துவிட்டு, தன் பழைய பஸ் பாஸை எடுத்து வந்தார். அது வங்கி அட்டையின் அளவுதான். ஒவ்வொரு கீறல் மேலும் அதை வைத்துப் பார்த்து, சாக்கட்டியால் வட்டம் போட்டார்.

"ஏய் ஊமைக்கோட்டான், இங்க வா. மேலேர்ந்து பார்த்தா எப்படி இருக்குமோ அப்படி ஒரு படம் போடு. நான் சொல்லச் சொல்லக் குறிச்சுக்கோ."

பேருந்து பணிமனைக்குள் வரும்போதெல்லாம் இப்படித்தான் செய்வார்களாம். ஒரு ஓட்டுநர் இறங்கும்போது படத்தில் கீறலைக் குறித்துக் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்தவர் ஏறுவார். நான் சதுரக் கட்டத் தாளில் காரை வரைந்தேன். அப்பா ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை சொன்னார். இது சூப்பர் மார்க்கெட் வண்டி இடித்தது. இது எவனோ கதவைத் திறந்தபோது பட்டது. இது நம் கேட்டுத் தூண். போன வருஷத்தை விட அந்தத் தூண் கொஞ்சம் கிட்டே வந்துவிட்டது என்றார். நான் சிரித்தேன். எல்லாக் கதையும் தனித்தனியாக நம்பும்படிதான் இருந்தது.

மொத்தம் பதினாலு. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. மற்ற பன்னிரண்டும் வலப்பக்கம். இடப்பக்கம் ஒன்றுமில்லை. அப்பா ஒருமுறை சொல்லியிருக்கிறார், எந்த ஓட்டுநரும் தூரத்துப் பக்கத்தில்தான் உரசுவான், தான் உட்கார்ந்திருக்கும் பக்கத்தில் உரச மாட்டான் என்று. நீளமான கீறல், பஸ் பாஸைப் போல நாலு மடங்கு, குட்டி உட்காரும் பக்கத்துக் கதவில் இருந்தது.

அப்பா படத்தை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். நல்லாத்தான் வரைஞ்சிருக்கே என்றார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பதினொரு மணிக்கு வந்த கம்பெனிப் பெண்ணிடம் அதைக் காட்டவில்லை.

அந்தப் பெண்ணுக்கு நாற்பது வயதிருக்கும். கையுறை போட்டிருந்தார். காரை நிதானமாகச் சுற்றி வந்து படமெடுத்தார். வலப்பக்கம் குனிந்தவர் எழ நேரமானது. வண்டியை இரண்டு மூன்று பேர் ஓட்டுவீர்களா என்று கேட்டார். நான் மட்டும்தான் என்றார் அப்பா. அந்தப் பெண் தலையாட்டிக் குறித்துக்கொண்டார். நீங்களே வாங்கிக்கொள்வதென்றால் இந்த அறிக்கைக்கு வேலையே இல்லை, யாரும் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அப்பாவின் முகம் தெளிந்தது.

"கேட்டியா? கதை முடிஞ்சுது. மடிக்கணினிய எடு."

சாப்பாட்டு மேசையில் அப்பாவின் வலப்பக்கம் உட்கார்ந்தேன். என்னைப் பார்க்க அவர் நாற்காலியையே திருப்ப வேண்டியிருந்தது. குட்டி எதிரில் இருந்தாள். லீஸ் காரில் ஸ்டிக்கர் ஒட்டக் கூடாது என்று மூன்று வருடமாகச் சொல்லி வைத்திருந்தோம். இப்போது நம் கார் ஆகப் போகிறது என்றதும் ஒரு தாள் நிறைய மீன் ஸ்டிக்கர்களோடு வந்துவிட்டாள். எந்த ஜன்னலில் ஒட்டலாம் என்று கேட்டாள். உன் ஜன்னல்லயே ஒட்டு, தாத்தா திங்கக்கிழமை மீன் தொட்டியிலதான் உன்னைக் கூட்டிட்டுப் போகப் போறேன் என்றார் அப்பா.

வாங்கும் படிவம் ஐந்து நிமிடத்தில் முடிந்தது. அதன் கடைசியில் காப்பீட்டுப் படிவம் இருந்தது. இதுவரை கம்பெனி பெயரில் இருந்த காப்பீடு இனி அப்பாவின் பெயருக்கு மாற வேண்டும். பெயர், வயது, எத்தனை வருட அனுபவம். அதற்கு மட்டும் அப்பா கொஞ்சம் சத்தமாகப் பதில் சொன்னார். விபத்து உண்டா. இல்லை. நீரிழிவு உண்டா. இல்லை.

பதினோராவது கேள்வியைப் படித்தேன். ஓட்டுபவரின் பார்வையில் குறை ஏதாவது உண்டா.

"இல்லன்னு போடு."

விரலை விசை மேல் வைத்தேன். அழுத்தவில்லை. ஆய்வகத்தில் ஒரு எண்ணை மாற்றி எழுத ஒரு நொடி போதும். நான் இதுவரை அப்படி எழுதியதில்லை. சமையலறையில் குழாய்ச் சத்தம் நின்றது. அம்மா ஈரக் கையோடு வாசலில் வந்து நின்றாள். என்னைத்தான் பார்த்தாள்.

"போட்டியா?" என்றார் அப்பா.

"இன்னும் போடல."

"என்ன யோசனை? நெட்டு போயிடுச்சா?"

குட்டி ஒரு மீனை உரித்து விரல் நுனியில் வைத்திருந்தாள். என் குரல் எப்படி வரும் என்று எனக்குத் தெரியவில்லை. வந்தபோது சாதாரணமாகத்தான் இருந்தது.

"அப்பா, உங்களுக்கு வலது கண்ணு தெரியல."