இந்தப் பிரதி உங்களுடையது அல்ல

பல் துலக்கும் முன் கைப்பேசியைத் தொடுவதில்லை என்று அவள் எடுத்த தீர்மானம் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. வாயில் பிரஷ், கையில் கைப்பேசி. எதிரே கண்ணாடியில் தெரிந்த முகம் தூங்கியதா இல்லையா என்று பார்க்கக்கூட அவளுக்கு நேரமில்லை. கட்டைவிரல் அதுபாட்டுக்கு விளையாட்டின் கருத்துப் பக்கத்தை இழுத்து இழுத்துப் புதுப்பித்துக்கொண்டிருந்தது.

'கேம் சூப்பரா இருக்காம். ஆனா பூட்டு போட்டிருக்காங்களாம். வேணாம்பா சாமி' என்று ஒருவர் எழுதியிருந்தார். 'மூணு வருஷமா காத்துக்கிட்டு இருந்தேன். பூட்டுன்னு கேள்விப்பட்டதும் ஆசையே விட்டுப்போச்சு' என்று இன்னொருவர். விளையாடிப் பார்த்துவிட்டு நாலு திட்டு திட்டினால்கூட மனசு ஆறிவிடும். இவர்களோ வாசல் வரை வந்துவிட்டு, மணியைக்கூட அடிக்காமல் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பூட்டைச் செய்தவள் அவள்தான்.

அவள் வேலை பார்த்தது கணினி விளையாட்டு தயாரிக்கும் ஒரு சின்ன அலுவலகம். முதலாளியையும் சேர்த்து ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டுவிடலாம், அவ்வளவு பேர்தான். அவளுக்கு அங்கே 'பூட்டுக்காரி' என்று பட்டப்பெயர். இரண்டு வருடங்களுக்கு முன் அவர்கள் வெளியிட்ட விளையாட்டை வாங்கியவர்களைவிடத் திருட்டு நகல் எடுத்தவர்கள்தான் அதிகம். அன்றிலிருந்து முதலாளிக்கு உலகத்தில் பாதிப் பேர் திருடர்கள், மீதிப் பேர் இன்னும் பிடிபடாத திருடர்கள்.

புதிய விளையாட்டில் ஒரு படகுக்காரி, வெள்ளத்தில் சிதறிப்போன தன் ஊர்க்காரர்களை ஒவ்வொருவராகத் தேடி ஆற்றில் துடுப்பு போட்டுப் போவாள். அந்த ஆற்றை முதலாளியே தன் கையால் வரைந்திருந்தார். காலை வெயில் தண்ணீரில் விழும் இடத்தைப் பார்த்தால், அவரிடம் திட்டு வாங்கியவர்களுக்கும் அவர்மேல் இருந்த கோபம் போய்விடும். இப்படி ஒரு ஆற்றுக்குத்தான் அவள் பூட்டு போட்டிருந்தாள். விளையாட்டைத் திறக்கும்போது ஒரு தரம், அப்புறம் கால் மணிக்கு ஒரு தரம், அது இணையம் வழியாக அலுவலகத்து சர்வரைக் கூப்பிட்டு, விளையாடுபவர் காசு கொடுத்தவர்தானா என்று கேட்கும். பதில் வந்தால் சரி. வராவிட்டால் திரை கறுத்து, ஒரே ஒரு வாக்கியம் தோன்றும்: 'இந்தப் பிரதி உங்களுடையது அல்ல.'

அந்த வாக்கியத்தையும் அவள்தான் எழுதினாள். நறுக்குத் தெறித்த மாதிரி இருக்கிறது என்று முதலாளி பாராட்டியபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

இப்போது அலுவலகத்தில் யாருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. இசை அமைத்தவர் நாற்காலியைச் சுழற்றிக்கொண்டே இருந்தார். முதலாளி ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தார்.

"இது ஓடலைன்னா கடையைக் கட்ட வேண்டியதுதான். எல்லாரும் திருட்டுப் பசங்க. ஓசியில கிடைக்கும்னு காத்துக்கிட்டு இருக்கானுங்க. பூட்டை இன்னும் இறுக்கும்மா. கால் மணிக்கு ஒரு தரம் கேக்கறதை அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தரமா ஆக்கு."

"ஆக்கலாம் சார்" என்றாள். ஆனால் கை விசைப்பலகைக்குப் போகவில்லை. வேறொன்று உறுத்திக்கொண்டிருந்தது. அண்ணன் இன்னும் கூப்பிடவில்லை.

அண்ணனுக்கு மலைமேல் காற்றாலைகளைப் பழுது பார்க்கும் வேலை. சின்ன வயதில் ஒரே கணினிக்கு இரண்டு பேரும் அடித்துக்கொண்டவர்கள். அவள் எதைச் செய்தாலும் முதலில் விளையாடிப் பார்த்து, முதலில் நக்கல் அடிப்பவன் அவன்தான். இந்த விளையாட்டை, தங்கச்சி செய்தது என்று ஓசியில் கேட்காமல், வெளியான அன்றே காசு கொடுத்து வாங்கியிருந்தான். அப்புறம் பேச்சு மூச்சில்லை. அவளே கூப்பிட்டாள். பல தரம் முயன்ற பிறகுதான் லைன் கிடைத்தது.

"வேலை ஜாஸ்திடி" என்றான் அண்ணன்.

"விளையாடினியா?"

"பாக்கலாம், பாக்கலாம். அண்ணி பேசறாளாம்" என்று ஃபோனைக் கைமாற்றிவிட்டான். அண்ணி குரலைத் தணித்தாள். "அந்தக் கூத்தை ஏன் கேக்கற? நேர்ல வா."

விடுமுறை நாளன்று அவள் பேருந்து பிடித்தாள். மலை ஏற ஏறக் கைப்பேசியில் சிக்னல் ஒவ்வொரு கோடாகக் குறைந்தது. மேலே, வரிசையாகக் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. அவற்றின் கீழே தொழிலாளர் வீடுகள். அண்ணன் வீட்டுக் கூடத்தில் கணினி மேல் துணி போர்த்தியிருந்தது.

அண்ணிதான் போட்டு உடைத்தாள்.

"கூட வேலை பாக்கறவங்க அத்தனை பேரையும் கூப்பிட்டு உக்கார வச்சிருந்தாரு. 'என் தங்கச்சி செஞ்சது'ன்னு ஒரே பெருமை. டவுனுக்குப் போய் டவுன்லோடு பண்ணி, டிஸ்க்ல போட்டுக் கொண்டுவந்தாரு. திறந்தா, இந்தப் பிரதி உங்களுடையது இல்லைன்னு வந்துச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. 'என்னப்பா, தங்கச்சி வீட்டுலயே கை வச்சிட்டியா'ன்னு ஒருத்தர் கேட்டாரு. அன்னிக்கு மூடினதுதான்."

"இங்க நெட் சரியா வராது அண்ணா. அதனாலதான். நீ சொல்லியிருந்தா நான்..."

"நெட் வரலைன்னா, 'நெட் வரலை'ன்னு சொல்லணும்டி. திருடன்னு ஏன் சொல்லுது?" என்றான் அண்ணன். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அவளுக்குச் சண்டை போட வசதியாக இருந்திருக்கும்.

"இரு, நானே சரி பண்றேன்" என்று அவள் துணியை உருவினாள். தான் போட்ட பூட்டுத் தனக்குத் திறக்காதா என்ன? அவள் கைப்பேசியில் பேருக்குக்கூடச் சிக்னல் இல்லை. அண்ணி தன் கைப்பேசியை எடுத்துக்கொண்டு ஜன்னல் ஓரமாக நாற்காலி போட்டு ஏறினாள். கையை வெளியே நீட்டினால் ஒரு கோடு வந்தது. அந்த இணையத்தைக் கணினிக்கு இணைத்ததும் விளையாட்டு திறந்தது. ஆறு தெரிந்தது. அண்ணன் மனசு கேட்காமல் அருகில் வந்து உட்கார்ந்து துடுப்பைப் பிடித்தான். படகுக்காரி முதல் வளைவைத் தாண்டி, கரையில் காத்திருந்த வைத்தியரைப் படகில் ஏற்றினாள். அண்ணன் முகத்தில் பழைய குறும்பு எட்டிப் பார்த்தது.

"கை வலிக்குது, மாத்திக்கறேன்" என்று அண்ணி கைப்பேசியை இடது கைக்கு மாற்றினாள். அந்த நேரம் பார்த்துக் கால் மணி ஆகியிருந்தது. திரை கறுத்தது. இந்தப் பிரதி உங்களுடையது அல்ல. வைத்தியரும் போனார், வந்த தூரமும் போனது. எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இதற்குள் தங்கச்சி வந்த செய்தி தெரிந்து பக்கத்து வீட்டுக்காரர் வந்திருந்தார். அண்ணனோடு காற்றாலை ஏறுபவர். ஆள் உயரம் என்பதால் எல்லோரும் அவரை 'ஏணி' என்றே கூப்பிட்டார்கள். நடந்ததைப் பார்த்துவிட்டுச் சாதாரணமாகச் சொன்னார்.

"இதுக்கா இவ்வளவு பாடு? பூட்டு உடைச்சது என்கிட்ட இருக்கும்மா. நெட்டும் வேணாம், ஒண்ணும் வேணாம். எங்க வீட்டுல ஜோரா ஓடுது. பாக்கறியா?"

பூட்டை யாரும் உடைக்கவில்லை என்றுதான் அவள் அந்த நிமிடம் வரை நம்பியிருந்தாள். "காட்டுங்க" என்றாள். ஏணி பென் டிரைவோடு தன் மடிக்கணினியையும் கொண்டுவந்து செருகினார். ஆறு ஓடியது. முதல் வளைவு, வைத்தியர், இரண்டாவது வளைவு, காலை வெயில். கால் மணி ஆயிற்று, அதற்கு மேலும் ஆயிற்று. யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. தன் விளையாட்டு இவ்வளவு அழகாக ஓடி அவள் பார்த்து நாளாகியிருந்தது. ஓடியது திருட்டு நகல் என்பதுதான் தாங்கவில்லை.

"அண்ணா, நீயும் இதுலயே விளையாடேன். காசு கொடுத்துட்டியே, தப்பில்ல" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அண்ணன் நாற்காலியைத் திருப்பி, திரைக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தான். "நான் எதுக்குத் திருட்டு நகல்ல விளையாடணும்? காசு கொடுத்து வாங்கினவன்டி நான். வாங்கினது ஓடலைன்னா சும்மா இருந்துட்டுப் போறேன். இனிமே பூட்டு போட்ட எதையும் வாங்கறதா இல்ல, நீ செஞ்சதா இருந்தாலும் சரி. விளையாடலைன்னா செத்தா போயிடுவேன்?"

அவன் கோபித்திருந்தால் சமாதானம் செய்திருப்பாள். வேண்டாம் என்று விலகிவிட்டவனை என்ன செய்வது? கருத்துப் பக்கத்தில் படித்ததெல்லாம் அண்ணனின் குரலிலேயே கேட்டது. பேருந்தில் மலை இறங்கும்போது வழியெல்லாம் அவள் கால் ஆடிக்கொண்டே இருந்தது. பக்கத்து இருக்கை அம்மாள், "உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?" என்றுகூடக் கேட்டுவிட்டார்.

மறுநாள் அலுவலகம் போனதும் முதலாளி கேட்ட முதல் கேள்வி, "பூட்டை இறுக்கிட்டியா?"

"இல்லை சார். ஒண்ணு கேக்கவா? நம்ம ஆபீஸ்ல யாராவது, கடையில விக்கற பிரதியை விளையாடிப் பாத்திருக்கோமா?"

முதலாளி விழித்தார். யாரும் பார்த்ததில்லை. வேலை தடைபடக் கூடாது என்று அலுவலகக் கணினிகளில் எல்லாம் பூட்டில்லாத பிரதியைத்தான் அவள் போட்டிருந்தாள். முதலாளி தினமும் சாப்பிட்டுவிட்டுச் சற்று நேரம் படகு ஓட்டுவதும் அதில்தான். சமைத்தவர்கள் தங்களுக்கென்று தனிப் பாத்திரத்தில் எடுத்துவைத்துச் சாப்பிட்டுவிட்டு, பந்தியில் உப்பில்லை என்று சொல்பவர்களை ஏசிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னிக்கு ஒரு நாள் கடைப் பிரதியை விளையாடுங்க சார்."

சாப்பாட்டுக்குப் பின் அவர் உட்கார்ந்தார். தன் ஆற்றைத் தானே ரசித்துக்கொண்டு, முதல் வளைவு தாண்டி, வைத்தியரை ஏற்றி, இரண்டாவது வளைவில் காலை வெயிலுக்குள் படகை விட்டார். அவள் மெதுவாகப் பின்னால் போய், அவர் கணினியின் இணைய வயரைப் பிடுங்கினாள். சற்றுப் பொறுத்துத் திரை கறுத்தது.

"என்ன இது? யாரு என்ன பண்ணீங்க?" முதலாளி எழுந்துவிட்டார். அந்த வாக்கியத்தை அவர் வாய்விட்டுப் படித்தார். "இந்தப் பிரதி உங்களுடையது அல்ல. என்னோடது இல்லையா? இந்த ஆத்தை வரைஞ்சதே நான்தானே!"

"எங்களுக்குத் தெரியும் சார். பூட்டுக்குத் தெரியாதே."

பிடுங்கிய வயர் கையில் இருக்க, மலைமேல் நடந்ததைச் சொன்னாள். அண்ணன் ஆட்களைக் கூட்டி உட்கார வைத்தது, ஜன்னலில் தொங்கிய அண்ணி, ஏணியின் பென் டிரைவ், திரைக்கு முதுகு காட்டிய நாற்காலி, எல்லாவற்றையும். திருட்டு நகலில் விளையாடச் சொல்லி அண்ணனிடம் தானே கேட்டதையும் விடவில்லை.

"பூட்டை எடுத்தா எல்லாரும் திருடுவானுங்களே" என்றார் முதலாளி. பழைய வேகம் குரலில் இல்லை.

"திருடறவன் உள்ள உக்காந்து நிம்மதியா விளையாடிக்கிட்டு இருக்கான் சார். வெளியில நிக்கறது காசு கொடுத்தவங்க மட்டும்தான். அவங்களைப் பாத்து, வாங்க நினைச்சவங்களும் திரும்பிப் போறாங்க."

முதலாளி ஜன்னல் வரை நடந்தார். கதவு வரை நடந்தார். மறுபடி ஜன்னல். கடைசியில் கறுத்த திரையின் முன் வந்து நின்று, அந்த வாக்கியத்தை இன்னொரு தரம் படித்தார்.

"எடுத்துடு" என்றார்.

மாதக்கணக்கில் பார்த்துப் பார்த்துச் செய்த பூட்டை அவள் சாயங்காலத்துக்குள் கழற்றினாள். திரை திறக்கும் இடத்தில் வேறொரு வரி எழுதினாள்: 'வாருங்கள். படகு தயாராக இருக்கிறது.' இணையமே இல்லாத இடத்திலும் ஓடும் என்று கருத்துப் பக்கத்தில் அறிவித்தார்கள். வாங்கியவர்களிடம் மன்னிப்பும் கேட்டார்கள். அண்ணனுக்குப் புதிய பிரதியை டிஸ்க்கில் போட்டுத் தபாலில் அனுப்பினாள். அன்று முழுக்கவும் மறுநாளும் எதுவும் நடக்கவில்லை. கட்டைவிரல் தேய்ந்ததுதான் மிச்சம். அப்புறம் ஒருவர், 'நிஜமாவா? அப்ப வாங்கிடறேன்' என்று எழுதினார். அவரைத் தொடர்ந்து இன்னொருவர்.

அண்ணனின் அழைப்பு வந்தபோது அவள் முதலாளியின் மேசையருகே நின்றுகொண்டிருந்தாள். காற்று இரைச்சலுக்கு நடுவே அவன் கத்தினான். "ஏய், மூணாவது வளைவுல அந்தப் பாறையை எந்தப் புண்ணியவான்டி வச்சான்? எத்தனை தரம்டி முட்டறது! படகுக்காரிக்குக் கண்ணு தெரியாதா?"

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "அது எங்க சார் வச்சது அண்ணா."

"அவர்கிட்ட சொல்லு, ஆறு நல்லா இருக்குன்னு. பாறைக்குத்தான் மன்னிப்பே கிடையாது. அப்புறம் இன்னொண்ணு, நம்ம ஏணியும் காசு கொடுத்து வாங்கிட்டாரு. 'இப்பதான்பா வாங்கற மாதிரி இருக்கு'ங்கறாரு."

ஃபோனில் கேட்டதை அவள் முதலாளியிடம் சொன்னாள். ஏணியைப் போல எல்லோரும் வாங்கிவிடவில்லை. ஓசியில் விளையாடுபவர்கள் இன்றும் விளையாடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவர்கள் செய்வது தப்புதான். ஆனால் கடையைக் கட்டும் பேச்சு அலுவலகத்தில் அப்புறம் எழவில்லை.

அன்று முதலாளி அண்ணன் சொன்னதைக் கேட்டு, தன் ஆற்றின் மூன்றாவது வளைவு வரை படகை ஓட்டிப் பார்த்தார். பிறகு அவளிடம் சொன்னார்:

"திருடனை வெளியில நிறுத்தறோம்னு நினைச்சுக்கிட்டு, காசு கொடுத்தவங்களை வெளியில நிறுத்திட்டோம்மா. ஒரு பொருளை வித்துட்டா அது வாங்கினவங்களோடது. அவங்களை நம்பித்தான் ஆகணும். நம்ப முடியலைன்னா, நாம விக்கவே கூடாது."