கை இறங்காத ஊர்ச் சங்கம்

1986ஆம் ஆண்டு யூன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், லண்டன் ஈஸ்ட்ஹாமில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில், ஊர்ச் சங்கத்தார் ஒரு தீர்மானத்துக்காக உயர்த்திய வலக்கைகள் கூட்டம் முடிந்த பிறகும் இறங்கவில்லை. அன்று மழை இல்லை. தேநீரும் வடையும் வழமைபோலக் கொடுத்தார்கள். எல்லோரும் இடக்கையால் வாங்கிக்கொண்டார்கள்.

தீர்மானம் மனோர் பார்க்கில் இருந்த கிரிஜாவைப் பற்றியது. அவளுடைய தம்பியை ஊரில் சுட்டுக் கொன்றிருந்தார்கள். சுட்டது ஆமிக்காரன் அல்ல, எங்கள் ஆட்களிலேயே இன்னொரு இயக்கத்துப் பொடியன்கள். இப்படியான சாவை எல்லோரும் ‘அகால மரணம்’ என்று போட்டுவிட்டுப் பேசாமல் இருந்த காலம். கிரிஜா முப்பத்தோராம் நாளுக்கு அடித்த நினைவுப் புத்தகத்தில் உள்ளதை உள்ளபடி போட்டுவிட்டாள். சங்கத் தலைவர் பாலசுப்பிரமணியன் எழும்பி, “அந்த வீட்டு அந்தியேட்டிச் சாப்பாட்டுக்கு எங்கடை ஆக்கள் ஒருத்தரும் போகப்படாது. ஆர் போகினம், ஆர் வருகினம் எண்டு பாக்கிறதுக்கு ஆக்கள் இருக்கினம். சம்மதம் எண்டால் கையைத் தூக்குங்கோ” என்றார். தூக்கினார்கள். ஏகமனதாக நிறைவேறியது.

குகதாசனும் தூக்கினான். லண்டனுக்கு வந்த புதிதில் அவன் இரண்டு மாதம் கிரிஜாவின் முன்னறையில் படுத்து, அவள் கையால்தான் சாப்பிட்டான். அது தூக்கும்போதும் அவனுக்கு ஞாபகம் இருந்தது. ஆனால் பக்கத்தில் இருந்தவர்கள் தூக்கினார்கள். அவனுக்கு இரவு பெற்றோல் செட்டில் வேலை, காலையில் வகுப்பு. கூட்டம் கெதியாக முடிந்தால் காணும் என்று இருந்தது.

வகுப்பு விசாவுக்காக எடுத்தது. மற்றப் பொடியன்கள் கணக்கியலுக்கும் கொம்பியூட்டருக்கும் போய்விட்டார்கள். இரவு வேலை முடிந்து நேரே போகக்கூடிய காலை வகுப்பில் இடம் மிஞ்சியிருந்தது ஒன்றில்தான்: ஹிட்லர் ஆட்சியில் ஜேர்மன் சமூகமும் அரசியலும். குகதாசன் பின்வரிசை வாங்கில் இருந்து நித்திரை கொள்வதாகத்தான் திட்டம். கை இறங்காமல் போனதோடு அந்தத் திட்டம் கெட்டது. படிப்பித்த மிஸ் பார்லோ ஒழுங்கான மனுசி. கை உயர்ந்திருந்தால் கேட்காமல் விடமாட்டார்.

“என்ன கேள்வி, குகதாசன்?”

முதல் கிழமை ஜன்னலைப் பூட்டலாமா என்று கேட்டான். அடுத்த கிழமை பரீட்சை எப்போது என்று கேட்டான். பிறகு கேட்க ஒன்றும் இல்லாமல் புத்தகத்தை வாசிக்க வேண்டி வந்தது. இப்படி, நித்திரை கொள்ளப் போனவன் அந்த நாட்டுச் சனத்தைப் பற்றி மூன்று வருசம் படித்தான். ரகசியப் பொலிசில் ஆட்கள் கொஞ்சப் பேர்தான், மிச்ச வேலையை அயலவர்கள் கடிதம் எழுதியே செய்துகொடுத்தார்கள் என்று படித்தான். நேற்றுவரை வணக்கம் சொன்ன யூதக் கடைக்காரரைக் கண்டதும் எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாறியவர்களைப் பற்றிப் படித்தான். எழுத்தை இடக்கையால் புதிதாகப் பழகி, குறிப்பும் எடுத்தான்.

ஒருநாள், ஒருத்தரும் கட்டாயப்படுத்தாத இடத்தில் அந்த ஜேர்மன்காரர் ஏன் ஹிட்லர் வணக்கத்துக்குக் கையைத் தூக்கினார்கள் என்று கேட்டான்.

“பக்கத்தில் இருந்தவர் தூக்கினார், அதனால் தூக்கினேன் என்று பிறகு பலர் சொன்னார்கள்,” என்றார் மிஸ் பார்லோ. “பக்கத்தில் இருந்தவரும் அதையேதான் சொன்னார்.”

“பிறகு எப்படி இறக்கினார்கள்?”

“ஒவ்வொருவராக, வீட்டில். அதற்கு ஊர்வலம் நடக்கவில்லை. அதனால் படமும் இல்லை.”

சங்கத்தார் கையோடு வாழப் பழகிவிட்டார்கள். ரியூப் ரயிலில் எல்லோரும் மேலே பிடித்துக்கொண்டுதான் நிற்பார்கள், ஆகவே வெள்ளைக்காரர் கவனிக்கவில்லை. கோயிலில் அதைப் பக்தி என்று எடுத்தார்கள். கிறீன் ஸ்றீற்றில் ஒரு குஜராத்தித் தையற்காரர் வலக்கை மேல்நோக்கிய கோட்டுகள் தைத்துக் கொடுத்தார். பனிக்காலத்தில் கைக்குள் பனி விழும், அது ஒன்றுதான் குறை. சங்க வேலைகளோ முன்னரைவிடச் சுறுசுறுப்பாக நடந்தன. தலைவர் வாயைத் திறக்கும் முன்பே கைகள் உயர்ந்திருந்தபடியால் எல்லாத் தீர்மானமும் ஏகமனதாக நிறைவேறியது. எதிர்க்கிறவர்கள் கையைத் தூக்குங்கோ என்று மட்டும் அவர் கேட்பதில்லை. 1988இல் கைகளை இறக்குவது என்று ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்கள். அதுவும் ஏகமனதாக நிறைவேறியது. கைகள் இறங்கவில்லை.

1990இல் கலாவதி வந்தாள். குகதாசன் இடக்கையாலும் பல்லாலும் தாலி முடிந்தான். “சுதந்திர தேவி சிலைக்கெல்லோ கழுத்தை நீட்டியிருக்கிறன்,” என்று அவள் தமக்கைக்கு டெலிபோனில் சொன்னாள். எண்ணெய் பூசிப் பார்த்தாள். டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். டொக்டர் பரசிற்றமோல் எழுதித் தந்தார்.

1992இல் மகளுக்கு முதற்சோறு தீத்துவதற்கு நாள் வைத்தார்கள். முதல் பிடியைத் தகப்பன் தீத்த வேணும்.

“இடக்கையாலை என்ரை பிள்ளைக்குச் சோறு தீத்த விடமாட்டன்,” என்றாள் கலாவதி.

“வலக்கை மேலையெல்லே நிக்குது.”

“அது எனக்குத் தெரியும். எங்கை போனால் இறங்கும் எண்டு உங்களுக்குத் தெரியும். நித்திரையிலை நாலு வருசப் படிப்பையும் சொல்லிப் புலம்புறியள்.”

“மூண்டு வருசம்.”

“போட்டு வாங்கோ.”

சனிக்கிழமை மத்தியானம் பஸ் எடுத்து மனோர் பார்க்குக்குப் போனான். எதிர்ப்பக்க நடைபாதையில் கொஞ்சநேரம் நின்றான். வீதியில் தெரிந்த ஆட்கள் இரண்டு பேர் போனார்கள், அவர்கள் போகும்வரையும் நின்றான். பிறகு கடந்துபோய் மணியை அடித்தான்.

“ஆர், தாசனோ?” என்றாள் கிரிஜா. தலை நரைத்திருந்தது. “குனிஞ்சு வா, நிலையிலை அடிக்கும். பல்ப்பையும் பார், கை சுடும்.”

அடுப்பில் பானைகள் மூடியபடி இருந்தன. முப்பத்தோராம் நாளன்று சமைத்த சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் குழம்பும் ஆறு வருசமாக ஆறவில்லை. “காஸ்காரன் ரெண்டுதரம் வந்து பாத்திட்டுப் போட்டான்,” என்றாள். “பிழை ஒண்டும் இல்லையாம். பில்லும் ஏறேல்லை.” தனக்குச் சமைக்க அவள் மேசையில் ஒரு சின்னக் கறன்ற் அடுப்பு வைத்திருந்தாள்.

தம்பியின் படத்துக்கு முன்னால் வாழையிலை விரித்தாள். சோறு போட்டாள், பருப்பு விட்டாள்.

“அக்கா, நான் அண்டைக்கு அந்தக் கூட்டத்திலை...”

“எல்லாம் தெரியும். கையைப் பாத்தாலே தெரியுது. முதலிலை சாப்பிடு.”

கை இறங்கியது. சத்தம் ஒன்றும் வரவில்லை. சோற்றைத் தொட்டது, சூடு பொறுக்காமல் ஒருதரம் எடுத்தது, பிறகு பிசைந்தது. கிரிஜா நெய்ப் போத்தலைத் தேடிக்கொண்டிருந்தபடியால் அதைப் பார்க்கவில்லை. அவன் இரண்டாந்தரமும் சோறு வாங்கிச் சாப்பிட்டான்.

மகளின் சோறு தீத்தலுக்குப் பாலசுப்பிரமணியனும் வந்திருந்தார். குழந்தை முதல் பிடியைத் துப்பிவிட்டது. இரண்டாவதை விழுங்கியது. தலைவர் குகதாசனின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது எப்பிடி இறங்கினது?”

“கிரிஜா அக்கா வீட்டை போய்ச் சாப்பிட்டனான் அண்ணை. சாப்பாடு இன்னும் கிடக்கு.”

பாலசுப்பிரமணியன் போன மாதந்தான் புதுக் கோட்டு தைப்பித்தவர். அதன் மேல்நோக்கிய கையைத் தடவிப் பார்த்தார். நேரமாகிறது என்று சொல்லிவிட்டு, நிலையில் இடிபடாமல் குனிந்து வெளியே போனார்.

மனோர் பார்க்கில் ஒரு ஆளின் சாப்பாடு குறைந்திருந்தது. மிச்சம் அதே சூட்டில் இருந்தது. கிரிஜா ஈஸ்ட்ஹாமுக்குப் போய் இன்னும் கொஞ்சம் வாழையிலை வாங்கிவந்து வைத்தாள்.